குவான்டம் கம்ப்யூட்டர் ஜெயிக்க வேண்டிய அந்த 'டீ'... சென்னை வேதியியலாளரின் 1989 கணக்கு!

புதிய பேட்டரி, புதிய மருந்து, குறைந்த மின்சாரத்தில் உரம்... குவான்டம் கம்ப்யூட்டர் பற்றி எந்தச் செய்தியைத் திறந்தாலும் இந்த மூன்று வாக்குறுதிகளும் வரிசையாக வந்து நிற்கும். கொஞ்சம் கவனித்தால் ஒன்று புரியும். மூன்றுமே பக்கா கெமிஸ்ட்ரி.

ஆனால் நம்ம ஊர் நிலவரம் என்ன? சங்கரன்கோவிலில் பிளஸ் டூ முடித்த ஒருவர் "பிஎஸ்சி கெமிஸ்ட்ரி எடுக்கப் போறேன்" என்று சொன்னால், "அதை முடிச்சிட்டு என்ன பண்ணப் போற?" என்பதுதான் வீட்டில் வரும் முதல் கேள்வி. பிஎட் முடித்து ஆசிரியர் வேலை, சாயப்பட்டறை, சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை, தூத்துக்குடிப் பக்கம் ரசாயன ஆலை. இதுதான் எல்லாரும் சொல்லும் பட்டியல். அதில் குவான்டம் கம்ப்யூட்டர் வராது.

வரலாமா? வந்தால் ஒரு கெமிஸ்ட்டுக்கு அங்கே என்ன வேலை? இதற்குப் பதில் தேட ஒருவருடைய வாழ்க்கைப் பாதையைப் பார்த்தாலே போதும். அவர் பெயர் கிருஷ்ணன் ராகவாச்சாரி. சென்னையில் பிறந்தவர். மூலக்கூறுகளைக் கணக்கிடுவதில் குவான்டம் கம்ப்யூட்டர் உண்மையிலேயே ஜெயித்ததா, இல்லையா என்று சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அளவுகோலை உருவாக்கிய நால்வரில் ஒருவர்.

யார் இந்த ராகவாச்சாரி?

சென்னை ஐஐடியில் எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடித்தவர், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் பிஎச்டி செய்யப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டி ஜான் போப்பிள். வேதியியலைச் சோதனைக்குழாயிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். போப்பிளின் குழு 1970-ல் வெளியிட்ட 'காஸியன்' என்ற மென்பொருளின் வாரிசுகள்தான் இன்றும் கெமிஸ்ட்ரி ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1998-ல் வேதியியல் நோபல் பரிசை வால்டர் கோனுடன் போப்பிள் பகிர்ந்துகொண்டார்.

ராகவாச்சாரியின் ஆரம்பகால ஆய்வுக் கட்டுரைகளைத் தேடினால் ஒரு குழப்பம் வரும். 1980-ல் போப்பிளுடன் சேர்ந்து வெளியிட்ட, இன்றும் பயன்பாட்டில் இருக்கும் ஒரு முக்கியமான கட்டுரையில் அவர் பெயர் 'ஆர்.கிருஷ்ணன்'. பிந்தைய கட்டுரைகளில் 'கே.ராகவாச்சாரி'. இரண்டும் ஒரே ஆள்தான். இனிஷியலை முன்னால் போடும் நம்ம ஊர் வழக்கமும், கடைசிப் பெயரைக் கேட்கும் வெளிநாட்டு வழக்கமும் மோதினால் என்ன ஆகும் என்று பாஸ்போர்ட் எடுத்த எல்லாருக்கும் தெரியும்.

1981-ல் பிஎச்டி முடித்ததும் அவர் சேர்ந்த இடம் பெல் ஆய்வகம். 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்த அதே நிறுவனம். அங்கே சுமார் 20 ஆண்டுகள். பிறகு 2002-ல் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். கெமிஸ்ட்ரி பட்டம், கம்ப்யூட்டர் கணக்கு, மெட்டீரியல் ஆராய்ச்சி என மூன்றும் ஒரே பாதையில் வருகின்றன.

எலெக்ட்ரான் கூட்டமும் ஆடித்தபசு கூட்டமும்

ஒரு மூலக்கூறு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் எலெக்ட்ரான்கள்தான் முடிவு செய்கின்றன. சாயம் துணியில் ஒட்டுமா, பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும், மருந்து உடலில் வேலை செய்யுமா என எல்லாமே இதில் அடங்கும். இதற்கான சமன்பாட்டை எர்வின் ஷ்ரோடிங்கர் 1926-லேயே எழுதிவிட்டார். அப்புறம் என்ன பிரச்சினை? சமன்பாடு இருக்கிறது, தீர்க்க முடியவில்லை. எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நகர்கின்றன. ஒன்று நகர்ந்தால் எல்லாமே நகரும்.

சங்கரன்கோவில்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஆடித்தபசு அன்று ரத வீதியில் நீங்கள் நடக்கிறீர்கள். உங்கள் பாதையைக் கணிக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: கூட்டத்தை மேலிருந்து பார்த்து, "இந்தப் பக்கம் நெரிசல் அதிகம், அந்தப் பக்கம் கம்மி" என்று சராசரியாகக் கணக்குப் போடுவது. வேதியியலில் இதன் பெயர் ஹார்ட்ரீ-ஃபாக் முறை. வேகமானது, ஆனால் மேலோட்டமானது.

இரண்டாவது வழி: எதிரில் வருகிற ஒருவரும் நீங்களும் ஒருவருக்கொருவர் எப்படி விலகுகிறீர்கள் என்று ஜோடி ஜோடியாகக் கணக்கிடுவது. 'கப்பிள்டு கிளஸ்டர்' என்ற முறையின் 'சிசிஎஸ்டி' வடிவம் இதைத்தான் செய்கிறது. 1966-ல் யிர்ஷி சீஷெக் இந்த முறையை வேதியியலுக்குக் கொண்டுவந்தார். 1982-ல் பர்விஸ், பார்ட்லெட் இருவரும் அதற்குச் சிசிஎஸ்டி வடிவம் கொடுத்தார்கள்.

மூன்றாவது வழி: மூன்று பேர் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்ளாமல் விலகுவதையும் சேர்ப்பது. இங்கேதான் கணக்கு எகிறுகிறது. மும்மூன்றாக எல்லா எலெக்ட்ரான்களையும் முழுமையாகச் சேர்த்தால், சின்ன மூலக்கூறுக்கே அன்றைய கம்ப்யூட்டர்கள் திணறின. சேர்க்காமல் விட்டால் விடை தப்பாக வந்தது.

அடைப்புக்குறிக்குள் ஒரு 'டீ'

1989-ல் ராகவாச்சாரி, கேரி டிரக்ஸ், போப்பிள், மார்ட்டின் ஹெட்-கார்டன் நால்வரும் சேர்ந்து 'கெமிக்கல் பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன வழி இதுதான். ஜோடிக் கணக்கை முழுமையாகப் போடுங்கள். மூவர் கணக்கை முழுமையாகப் போட வேண்டாம், கடைசியில் ஒரே ஒரு திருத்தமாகச் சேருங்கள்.

திருத்தம் சேர்ப்பது அவர்களுக்கு முன்பே இருந்த யோசனைதான். ஆனால் அந்தப் பழைய திருத்தம் மூவர் விளைவை அளவுக்கு மிஞ்சிக் காட்டியது. நால்வரும் கணிதத்தை இன்னும் ஒரு படி ஆழமாகத் தோண்டி, எந்த உறுப்பு விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதைச் சேர்த்ததும் மிகுதி சமன் ஆனது. விடை, சோதனை முடிவுக்கு வியக்கவைக்கும் அளவுக்கு நெருங்கியது.

இந்த முறையின் பெயர் 'சிசிஎஸ்டி (டீ)'. அடைப்புக்குறிக்குள் இருப்பது டீக்கடை டீ இல்லை, 'ட்ரிபிள்ஸ்' என்பதன் முதல் எழுத்து. முழுக் கணக்கு இல்லை, திருத்தம் மட்டும்தான் என்பதைக் காட்டத்தான் அந்த அடைப்புக்குறி. கணிப்பு வேதியியலில் இதை 'கோல்டு ஸ்டாண்டர்டு' என்று அழைக்கிறார்கள். நகைக்கடையில் உரைகல் மாதிரி. புதிய கணக்கு முறை எது வந்தாலும் இதில் உரசிப் பார்த்துத்தான் தரம் சொல்கிறார்கள்.

1 கிலோ கலோரிக்கு இவ்வளவு சண்டையா?

வேதியியலாளர்கள் 'கெமிக்கல் அக்யூரசி' என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். கணக்கிட்ட ஆற்றலுக்கும் உண்மையான ஆற்றலுக்கும் இடையே மோலுக்கு 1 கிலோ கலோரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கேட்க ரொம்பச் சின்ன அளவாகத் தெரியலாம். ஆனால் ஒரு வேதிவினை தாண்ட வேண்டிய ஆற்றல் தடையில் 1 கிலோ கலோரி தப்பினால், அறை வெப்பநிலையில் வினையின் வேகக் கணிப்பு 5 மடங்குக்கு மேல் தப்பிவிடும். 1 மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த வினை 5 மணி நேரம் இழுக்கும். ஆலையில் இந்த வித்தியாசம் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் இடையிலான வித்தியாசம்.

இந்த எல்லையைத் தொடுவதற்கு லேரி கர்டிஸ், போப்பிள் ஆகியோருடன் சேர்ந்து ராகவாச்சாரி வருடக்கணக்கில் உழைத்தார். 1991-ல் வந்த 'ஜி2' முறையை 125 ஆற்றல் அளவுகளோடு ஒப்பிட்டபோது சராசரிப் பிழை 1.21 கிலோ கலோரி. 1998-ல் 'ஜி3', 299 அளவுகள், பிழை 1.02. 2007-ல் 'ஜி4', 454 அளவுகள், பிழை 0.83. சோதனைப் பட்டியல் நீண்டுகொண்டே போக, பிழை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எல்லையைத் தாண்ட 16 வருஷம் ஆகியிருக்கிறது. இத்தனையும் சாதாரணக் கம்ப்யூட்டரில்!

சிலிக்கானைக் கழுவினால் என்ன மிஞ்சும்?

பெல் ஆய்வகத்தில் ராகவாச்சாரிக்கு வெறும் தியரி மட்டும் வேலை இல்லை. பக்கத்து அறையில் நிஜமான சிலிக்கான் இருந்தது.

சிப் செய்வதற்கு முன் சிலிக்கான் தகட்டை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் கழுவுவார்கள். மேலே படிந்த ஆக்சைடு அடுக்கு கரைந்து போகும். கழுவி முடித்ததும் சிலிக்கானின் மேற்பரப்பில் எந்த அணு உட்கார்ந்திருக்கும்? புளோரின்தான் என்பது இயல்பான யூகம். காரணம், சிலிக்கான் - புளோரின் பிணைப்பு ரொம்ப வலுவானது. ஆனால் சோதனையில் தெரிந்தது ஹைட்ரஜன்.

ஏன்? 1990-ல் டிரக்ஸ், ராகவாச்சாரி, ஹிகாஷி, ஷபால் நால்வரும் கணக்கு மூலம் இதற்குப் பதில் சொன்னார்கள். புளோரின் வந்து உட்கார்ந்ததும், எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் அந்தச் சிலிக்கான் அணுவுக்கும் அதன் அடியில் இருக்கும் சிலிக்கானுக்கும் இடையிலான பிணைப்பு பலவீனமாகிறது. அடுத்து வரும் அமில மூலக்கூறு அந்தப் பலவீனமான இடத்தைத் தாக்குகிறது. புளோரின் ஒட்டிய சிலிக்கான் அணு மொத்தமாகப் பெயர்ந்து கரைசலுக்குப் போய்விடுகிறது. கீழே மிஞ்சும் சிலிக்கானில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்கிறது. வலுவாகப் பிடித்த புளோரினே, தான் நின்ற இடத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறது!

அதே ஆண்டில் இதே குழு, கரைசலின் அமிலத்தன்மையை மாற்றிக் கழுவினால், ஒவ்வொரு அணுவிலும் ஒரு ஹைட்ரஜன் என்ற கணக்கில் கிட்டத்தட்ட குறையே இல்லாத சிலிக்கான் பரப்பு கிடைக்கும் என்று காட்டியது. கணக்கும் கையும் சேர்ந்து வேலை செய்யும் மெட்டீரியல் ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அப்புறம் எதுக்கு குவான்டம் கம்ப்யூட்டர்?

நியாயமான கேள்வி. சிசிஎஸ்டி (டீ) அவ்வளவு நல்லது என்றால் வேறு ஏன் தேட வேண்டும்? இரண்டு காரணங்கள்.

ஒன்று, நேரம். இந்தக் கணக்கின் நேரம் மூலக்கூறின் அளவோடு ஏழாம் அடுக்கில் ஏறுகிறது. ஒரு மூலக்கூறுக்கு 1 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு பெரிய மூலக்கூறுக்கு 128 மணி நேரம், அதாவது 5 நாளுக்கு மேல். நான்கு மடங்கு பெரியது என்றால் 16,384 மணி நேரம், சுமார் 683 நாள்! இதைச் சமாளிக்க, பெரிய மூலக்கூறைத் துண்டு துண்டாக வெட்டி, தனித்தனியாகக் கணக்கிட்டு, இரண்டு முறை எண்ணிய பகுதிகளைக் கழித்து ஒட்டும் முறைகளை இண்டியானாவில் ராகவாச்சாரியின் குழு உருவாக்கியிருக்கிறது.

இரண்டாவது காரணம்தான் பெரியது. சில மூலக்கூறுகளில் இந்த முறை அடிப்படையிலேயே தடுமாறும். ஒரு நல்ல தொடக்க வரைபடம் இருந்து, அதில் திருத்தம் சேர்ப்பதுதான் கப்பிள்டு கிளஸ்டரின் அடிப்படை. ஆனால் இரும்பு, குரோமியம் மாதிரி உலோக அணுக்கள் நெருக்கமாக இருக்கும் மூலக்கூறுகளில், சம அளவு முக்கியமான பல வரைபடங்கள் இருக்கும். எதைத் தொடக்கமாக எடுப்பது?

உளுந்து, பாசிப்பயறுச் செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அதற்குள் இருக்கும் பாக்டீரியா, காற்றில் இருக்கும் நைட்ரஜனை மண்ணின் சாதாரண வெப்பநிலையிலேயே அமோனியாவாக மாற்றுகிறது. அதே வேலையை உர ஆலையில் ஹேபர்-போஷ் முறையில் செய்ய 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், 100 மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் தேவை. உலகின் மொத்த ஆற்றலில் 1 முதல் 2 சதவீதம் இதற்கே போகிறது என்பது மதிப்பீடு. பாக்டீரியாவின் ரகசியம், 7 இரும்பு, 9 கந்தகம், ஒரு மாலிப்டினம், ஒரு கார்பன் சேர்ந்த ஒரு சின்னக் கொத்து. பெயர் 'ஃபெமோகோ'. இந்த மாதிரி கொத்துகளில்தான் வழக்கமான முறைகள் சிரமப்படுகின்றன.

சங்கரநாராயணரும் க்யூபிட்டும்

குவான்டம் கம்ப்யூட்டர் இங்கே எப்படி உதவும்? சாதாரணக் கம்ப்யூட்டரின் பிட், 0 அல்லது 1. குவான்டம் கம்ப்யூட்டரின் க்யூபிட், இரண்டும் கலந்த நிலையில் இருக்க முடியும். சங்கரநாராயணர் சன்னதியில் ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால் என ஒரே உருவில் பார்க்கிறோம் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வித்தியாசம். சன்னதியில் இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரியும். க்யூபிட்டைப் பார்த்த அந்த நொடியே அது 0 அல்லது 1 என்று ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டி, எத்தனை முறை 0, எத்தனை முறை 1 என்று எண்ணித்தான் பல கணக்குகளில் விடை எடுக்கிறார்கள்.

க்யூபிட்டின் பலம் எண்ணிக்கையில் தெரியும். 50 க்யூபிட்டுகளின் நிலையைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் முழுதாக எழுதி வைக்க 11 கோடி கோடிக்கும் அதிகமான எண்கள் வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் 16 பைட் வைத்தால், 128 ஜிபி போன்கள் சுமார் 1,40,000 தேவைப்படும். எலெக்ட்ரான்களும் இதே குவான்டம் விதியில்தான் நடக்கின்றன. அதனால், குவான்டம் பொருளைக் கணக்கிட இன்னொரு குவான்டம் பொருளையே பயன்படுத்தலாமே என்று 1981-ல் ஒரு மாநாட்டு உரையில் யோசனை சொன்னார் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன்.

இதுவரை என்ன சாதித்திருக்கிறார்கள்?

2005-ல் ஆலன் அஸ்புரு-குஸிக் உள்ளிட்ட நால்வர் 'சயின்ஸ்' இதழில், குவான்டம் கம்ப்யூட்டரில் தண்ணீர், லித்தியம் ஹைட்ரைடு மூலக்கூறுகளின் ஆற்றலை எப்படிக் கணக்கிடலாம் என்று காட்டினார்கள். அந்த நால்வரில் ஒருவர், 1989 கட்டுரையில் ராகவாச்சாரியோடு இருந்த அதே மார்ட்டின் ஹெட்-கார்டன். அளவுகோல் செய்தவரே அதை முந்தும் வழியையும் தேடியிருக்கிறார்!

2017-ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் 6 க்யூபிட்டுகள் வரை பயன்படுத்தி, ஹைட்ரஜனிலிருந்து பெரிலியம் ஹைட்ரைடு வரை மூன்று மூலக்கூறுகளைக் கணக்கிட்டார்கள். பெரிலியம் ஹைட்ரைடுக்குக் கிடைத்த விடையில் பிழை, அந்த 1 கிலோ கலோரி எல்லையைவிட அதிகம். 2020-ல் கூகுள் 12 க்யூபிட்டுகளில் ஹைட்ரஜன் சங்கிலிகளைக் கணக்கிட்டது. அது செய்து முடித்தது ஹார்ட்ரீ-ஃபாக் கணக்கு. அதாவது ஆடித்தபசு உதாரணத்தில் நாம் பார்த்த முதல் வழி. அதை உங்கள் லேப்டாப் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். புதிய இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, விடை தெரிந்த கணக்கைக் கொடுப்பது சரியான அறிவியல்தான். ஆனால் அதை 'குவான்டம் கம்ப்யூட்டர் கெமிஸ்ட்ரியை மாற்றிவிட்டது' என்று தலைப்பு போட்டால் தப்பு.

ஃபெமோகோவுக்கு எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும்? 2021-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி சுமார் 40 லட்சம் க்யூபிட்டுகள், 4 நாளுக்குள் ஓட்டம். 2024 டிசம்பரில் கூகுள் அறிமுகப்படுத்திய 'வில்லோ' சிப்பில் இருப்பது 105 க்யூபிட்டுகள். ஐபிஎம் 2023-ல் காட்டிய 'கண்டோர்' சிப்பில் 1,121. இடைவெளி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கார்னெட் சான் உள்ளிட்டோர் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, மூலக்கூறுகளின் அடிநிலை ஆற்றலைக் கணக்கிடுவதில் குவான்டம் கம்ப்யூட்டருக்கு அடுக்குக்குறி வேகத்தில் முன்னிலை கிடைக்கும் என்பதற்குப் பொதுவான ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்கிறது. உதவவே உதவாது என்று அர்த்தம் இல்லை. எந்த மூலக்கூறில் உதவும் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதைத் தேடுவது யார் வேலை? கெமிஸ்ட் வேலை.

கெமிஸ்ட் நுழையும் இரண்டு வாசல்கள்

முதல் வாசல், கேள்வி கேட்பவராக. ஜீனெட் கார்சியா ஐபிஎம்மின் கலிபோர்னியா ஆய்வகத்தில் பிளாஸ்டிக் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வேதியியலாளர். ஒருநாள் குடுவைக்குள் எதிர்பாராமல் ஒரு கெட்டியான பொருள் உருவாகிவிட்டது. குடுவையை உடைத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. மறுசுழற்சி செய்யக்கூடிய உறுதியான புதிய பிளாஸ்டிக் வகை அது. 2014-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. பிறகு அதே கார்சியா ஐபிஎம்மில் குவான்டம் கெமிஸ்ட்ரி குழுவை வழிநடத்தும் இடத்துக்குப் போனார். லித்தியம்-சல்ஃபர் பேட்டரியில் உருவாகும் மூலக்கூறுகளைக் குவான்டம் முறையில் கணக்கிடும் ஆய்வில் டைம்லர் நிறுவனத்தோடு ஐபிஎம் சேர்ந்து வேலை செய்தது. அந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் உண்டு.

இரண்டாவது வாசல், இயந்திரத்தையே செய்பவராக. ஐபிஎம், கூகுள் பயன்படுத்தும் க்யூபிட்டுகள் மீக்கடத்தி உலோகத்தால் ஆனவை. அவற்றின் பெரிய எதிரி, மேற்பரப்பில் படியும் ஆக்சைடும் அழுக்கும். க்யூபிட் தன் கலப்பு நிலையை இழப்பதற்கு இவை முக்கியக் காரணம். 2021-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு உலோகத்தை மாற்றி டான்டலத்தில் க்யூபிட் செய்தபோது, அதன் ஆயுள் 0.3 மில்லி செகண்டைத் தாண்டியது. அந்தக் குழுவில் இருந்த ராபர்ட் கவா ஒரு வேதியியலாளர். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 2025-ல் அதே பல்கலைக்கழகம் டான்டலத்தைச் சிலிக்கான் மேல் வைத்து, 1 மில்லி செகண்டைத் தாண்டியது. மேற்பரப்பில் எந்த அணு உட்கார்ந்திருக்கிறது என்ற பழைய கேள்விதான், வேறு வடிவத்தில் திரும்ப வந்திருக்கிறது.

சரி, சங்கரன்கோவிலிலிருந்து எப்படிப் போவது?

மத்திய அரசு 2023 ஏப்ரலில் தேசிய குவான்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-31 வரை 6,003.65 கோடி ரூபாய். நான்கு மையங்கள்: பெங்களூரு ஐஐஎஸ்சியில் குவான்டம் கம்ப்யூட்டிங், சென்னை ஐஐடியில் குவான்டம் தகவல் தொடர்பு, மும்பை ஐஐடியில் சென்சார்கள், டெல்லி ஐஐடியில் குவான்டம் மெட்டீரியல்கள். கெமிஸ்ட்ரிக்காரர்கள் நேரடியாகக் கவனிக்க வேண்டியது முதலாவதும் கடைசியும்.

பிஎஸ்சி படிப்பவர்கள் செய்யக்கூடியவை:

• கணக்கை விட்டுவிடாதீர்கள். பிஎஸ்சியில் துணைப் பாடமாக வரும் மேத்ஸ், பிசிக்ஸை 'பாஸானா போதும்' என்று ஒதுக்கிவிடுகிறோம். மேட்ரிக்ஸ், ஐகன் மதிப்பு, நிகழ்தகவு. குவான்டம் கெமிஸ்ட்ரியின் அடித்தளம் இவைதான்.

• பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். 'பைஎஸ்சிஎஃப்', 'சை4' ஆகியவை இலவச மென்பொருள்கள். தண்ணீர் மூலக்கூறுக்கு முதலில் ஹார்ட்ரீ-ஃபாக், அப்புறம் சிசிஎஸ்டி, அப்புறம் சிசிஎஸ்டி (டீ) என்று வரிசையாக ஓட்டிப் பாருங்கள். சாதாரண லேப்டாப்பில் சில நொடிகள்தான். ஆற்றல் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தாலே, 1989 கட்டுரை எதைப் பற்றியது என்று புரிந்துவிடும்.

• நிஜ குவான்டம் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பாருங்கள். ஐபிஎம் 2016-லிருந்து தன் இயந்திரத்தை இணையம் வழியாகத் திறந்து வைத்திருக்கிறது. அதற்கான 'கிஸ்கிட்' மென்பொருளும் இலவசம்.

• அடுத்த படி. ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் எம்எஸ்சி சேர 'ஜாம்' நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் போக நெட், கேட் தேர்வுகள். ராகவாச்சாரியின் பாதையும் சென்னை ஐஐடி எம்எஸ்சி வழியாகத்தான் போனது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 'குவான்டம் சர்டிபிகேட் கோர்ஸ், வேலை உறுதி' என்று பணம் கேட்டு வரும் விளம்பரங்களை நம்பிக் காசைக் கட்டிவிடாதீர்கள். இந்தத் துறையில் ஆராய்ச்சி வேலைகளுக்குப் பெரும்பாலும் எம்எஸ்சியோ பிஎச்டியோ கேட்கிறார்கள். இது நீண்ட பாதை. வீட்டில் கடன் இருக்கிறது, பிஎஸ்சி முடித்ததும் சம்பளம் வேண்டும் என்ற நிலை இருந்தால், உதவித்தொகைக் கணக்கையும் சேர்த்துப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கணிப்பு வேதியியல் தெரிந்தவர்களை மருந்து, பெயின்ட், பேட்டரி நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள் இப்போதே எடுக்கின்றன. குவான்டம் கம்ப்யூட்டர் தாமதமானாலும் அந்தப் படிப்பு வீணாகாது.

அடுத்த முறை செய்தி வந்தால் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. எந்த மூலக்கூறு? ஹைட்ரஜன், லித்தியம் ஹைட்ரைடு என்றால் அது சோதனை ஓட்டம். உலோகக் கொத்து, வினையூக்கி என்றால் நின்று படிக்கலாம்.

2. எதோடு ஒப்பிட்டார்கள்? சிசிஎஸ்டி (டீ) அல்லது அதைவிடச் சிறந்த முறையோடு ஒப்பிட்டிருக்கிறார்களா, இல்லை ஹார்ட்ரீ-ஃபாக்கோடு மட்டும் நிறுத்திக்கொண்டார்களா?

3. பிழை எவ்வளவு? மோலுக்கு 1 கிலோ கலோரிக்குள் வந்ததா? வந்திருந்தால், அதே விடையைச் சாதாரணக் கம்ப்யூட்டர் எவ்வளவு நேரத்தில் தரும்?

இந்த மூன்றையும் கேட்கத் தெரிந்தவர்தான் குவான்டம் ஆய்வகத்துக்குத் தேவைப்படுகிற கெமிஸ்ட். கேள்விகளில் இரண்டாவதற்கான அளவுகோல் 1989-லிருந்து தயாராக இருக்கிறது.